ஒரு நம்பரால் போன வீடு

பிங்கோ அன்ரியிடம் கார் இருந்ததில்லை; ஓட்டவும் தெரியாது. ஆனால் சிட்னியின் கிரவீனில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் பெற்றோல் துண்டு கொடுத்தவர் அவர்தான். சுப்பர்மார்க்கெட்டில் குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கினால் பற்றுச்சீட்டின் அடியில் ஒரு துண்டு வரும். அதைக் காட்டினால் பெற்றோலுக்கு லீற்றருக்கு நாலு சதம் குறையும். மற்றவர்கள் கடை வாசலிலேயே கசக்கி எறிந்துவிட்டுப் போவதை அவர் குனிந்து எடுத்து, தொடையில் வைத்து நீவி, முடிவுத் தேதிப்படி அடுக்கிக் கைப்பையில் வைத்திருப்பார்.

"மாஸ்ரர், இது வெள்ளிக்கிழமையோட முடியுது. இண்டைக்கே அடியுங்கோ."

"ராங்கில பெற்றோல் நிறைய இருக்கு, அன்ரி."

"அப்ப எங்கையாவது போட்டு வாங்கோ. ஓடினாத்தானே குறையும்."

ஒரு துண்டு வீணாகக் கூடாது என்பதற்காகவே மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிடப் போன வெள்ளிக்கிழமைகள் எனக்கு உண்டு. முருகனுக்கு அது தெரிந்திருக்கும்.

அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் அவரை அன்ரி என்று அழைத்தது முறையல்ல. என் பிள்ளைகள் அழைத்ததை நானும் பிடித்துக்கொண்டேன். பிறகு மாற்ற முடியவில்லை. மன்னாரில் பிறந்தவர், கத்தோலிக்கர், கணவரை இழந்தவர். ஒரே மகன் மெல்பேர்னில். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த மரவேலி. அவருடைய உண்மைப் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் தாயை ஆசைப்பட்ட வீட்டில் இருக்கவிடாமல், வீட்டை விற்றுக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று இன்றும் சிட்னியில் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிழை மகனுடையதல்ல, என்னுடையது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்ததும் முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்ய, அது வருகிற வழியிலேயே எழுதுகிறேன்.

அவருக்கு ஆங்கிலம் கற்பித்தது பிங்கோ. எண்பதுகளின் நடுவில் வந்து பிஸ்கற் ஆலையில் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வந்த ஆங்கிலம் ஓரிரண்டு சொற்கள்தான். பங்குக் கோயில் மண்டபத்தில் வியாழன்தோறும் பிங்கோ நடக்கும்; அழைக்கிற நம்பர்களைச் சீட்டில் அழித்துக்கொண்டு போகும் ஆட்டம். கோயிலுக்குக் கூரை போடுவதற்கான சேகரிப்பு. ஒரு ஐரிஷ் கிழவர் மேடையிலிருந்து நம்பர்களை ராகம் போட்டு அழைப்பார். "ஃபைவ் அண்ட் டூ, ஃபிஃப்டி டூ." தனி இலக்கம் வந்தால் "ஒன் இட்ஸ் ஓன், நம்பர் செவன்." அன்ரி இதைத்தான் ஆங்கிலம் என்று படித்தார். ஒருமுறை காய்ச்சலுக்கு மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். வயது என்னவென்று மருத்துவர் கேட்டார்.

"ஃபைவ் அண்ட் டூ, ஃபிஃப்டி டூ."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் எத்தனை என்று அடுத்துக் கேட்டார்.

"ஒன் இட்ஸ் ஓன், நம்பர் ஒன்."

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். தன் தாயும் வியாழக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போகிறவர் என்றார். அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் அன்ரிக்குக் காத்திருப்பே இல்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "பாத்தியளே மாஸ்ரர், கோயில் பிங்கோவில அம்பது சதத்துக்கு எவ்வளவு கிடைச்சிருக்கு? கூரையும் வந்தது, இங்கிலீசும் வந்தது, டொக்ரரும் வந்தார்."

எங்கள் முதியோர் சங்கத்தில் பிங்கோவைத் தமிழில் நடத்தியவரும் அவர்தான். இருபத்திரண்டு, எழுதினால் வாத்துகள்போல் இருப்பதால், 'ரெண்டு தாரா.' பதினொன்று 'பனை ரெண்டு.' எண்பத்தெட்டு 'சம்பந்தியள்.' அந்த நம்பர் வரும்போது இரண்டு பருத்த சம்பந்திகள் எதிரெதிரே கதிரையில் இருப்பதுபோல் கன்னத்தை ஊதிக் காட்டுவார். மண்டபம் அதிரும். ஒரு சம்பந்தி அம்மா உண்மையாகவே கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை வரவில்லை. பிறகு பரிசுப் பொருள் தேங்காய்ப்பால் மா என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்.

கிளப்புக்கும் போவார். அங்கே காசு விழுங்கும் பெட்டிகள் வரிசையாய் மினுங்கும். அவற்றின் பக்கம் அவர் திரும்பியதில்லை. "அந்தப் பெட்டி ஆளின்ட முகத்தைப் பாக்காது. முகம் பாக்காததோட எனக்கென்ன விளையாட்டு?" அவருக்குக் கிளப் என்றால் பிங்கோவும், செவ்வாய்க்கிழமை மலிவுச் சாப்பாடும், அங்கத்தவர் அட்டையில் சேரும் புள்ளிகளும்தான். பிறந்தநாள் மாதத்தில் ஒரு சாப்பாடு இலவசம். அந்த மாதம் முழுக்க அதை வைத்திருந்து, கடைசி நாளில், எந்த உணவுக்கு விலை அதிகம் என்று பார்த்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து பாதியை வேலிக்கு மேலால் எனக்குத் தருவார்.

"சும்மா வாறதை ஏன் விடுவான்?" அவருடைய வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் அது. சும்மா வராததை அவர் ஒருநாளும் துரத்தியதில்லை. அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகன் அவருக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கி அனுப்பினான், பேரப்பிள்ளைகளின் படம் பார்க்க. படங்களைப் பார்த்து முடிந்ததும் அன்ரி பிங்கோவைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்துப் பக்கத்து இணையத்தளம் ஒன்று. ஒரு ரிக்கற் இரண்டு சதம், ஐந்து சதம். மாதத்துக்குப் பத்து டொலர், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று முதல் நாளே திரையின் விளிம்பில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டார்.

அவர் விளையாடும் நேரம் காலை பதினொரு மணி. அதற்கும் காரணம் இருந்தது. "இங்க பதினொண்டெண்டா அங்க நடுச்சாமம், மாஸ்ரர். இங்கிலீசுக்காரர் படுத்திடுவினம். நித்திரை வராத ஆறேழு பேர்தான் இருப்பினம். பரிசு அதே பரிசு. நூறு பேரோட அடிபடுறது நல்லதோ, ஏழு பேரோடயோ?"

நான் முப்பது வருடம் பாடசாலையில் கணிதம் கற்பித்தவன். அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும்.

புதிதாய்ச் சேர்பவர்களுக்கு, போட்ட காசளவு மேலதிகக் காசு தருகிறோம் என்று தளத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. அன்ரி வேண்டாம் என்றுவிட்டார். "சும்மா தாறவன் ஏன் எழுத்தைச் சின்னனாப் போடுறான்?" உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து நிபந்தனைகளை என்னை வாசிக்கச் சொன்னார். அந்த மேலதிகக் காசைப் பல மடங்கு விளையாடி முடித்தபிறகுதான் வெளியே எடுக்கலாமாம். "பாத்தியளே. இது பரிசில்லை, கயிறு." ஆனால் தினமும் உள்ளே வந்தாலே தருகிற ஒரு இலவச ரிக்கற்றை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அரட்டைப் பெட்டியில் நடக்கும் சின்னப் புதிர்களுக்குப் புள்ளி உண்டு, அதையும் விடமாட்டார். வெள்ளி, தங்கம் என்று படிநிலைகள் இருந்தன. மேலே ஏற இன்னும் இவ்வளவுக்கு விளையாடுங்கள் என்று செய்தி வரும். "நான் வெண்கலம். எனக்கு அது காணும். புள்ளிக்காக விளையாடினா அவனுக்கு லாபம். விளையாடினதுக்குப் புள்ளி வந்தா எனக்கு லாபம்." சேர்ந்த புள்ளிகளை இலவச ரிக்கற்றாக மாற்றுவார். இப்படியே ஒருமுறை பத்து டொலரில் மூன்று மாதம் ஓட்டினார்.

தளத்தில் அவருடைய பெயர் கருவாடு. யோசித்த பெயரெல்லாம் வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். அன்று அடுப்பில் இருந்ததை எழுதிவிட்டார். அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்கள் அவரைக் 'கரு' என்று செல்லமாய் அழைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னியள்?"

"ஒரு வகைப் பூ எண்டு சொன்னனான்."

"அன்ரி!"

"நடுச்சாமத்தில ஒரு மனுசி ஆசையாக் கேக்கிறா. காஞ்ச மீனெண்டோ சொல்லுறது?"

ஸ்கொட்லாந்தில் இருந்த ஒரு தாதிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போய், தன் புதுப் பூனைக்கு அதையே வைத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது அன்ரி சிரித்துச் சிரித்துக் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "பூனைக்குக் கருவாடெண்டு பேர், மாஸ்ரர்! தன்னைத் தானே தின்னப்போகுது!"

இனி என் விஷயம்.

ஒரு பிறந்தநாள் விழாவில் ஏழெட்டுப் பேர் இருந்த இடத்தில் நான் பிங்கோவைப் பற்றி விளக்கினேன். ஒரு தாளை எடுத்து, நிகழ்தகவு போட்டு, நீண்ட காலத்தில் விளையாடுபவர் தோற்பது நிச்சயம் என்று நிறுவிக் காட்டினேன். கணக்கு சரி. அன்ரி கடைசி வரை பொறுமையாய்க் கேட்டார்.

"சரி மாஸ்ரர், நீங்கள் மாசம் பத்து டொலரை என்ன செய்யிறியள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை. அது அப்பிடியே கிடக்கும்."

"நான் அதில ஒரு மாசம் சிரிக்கிறன். உங்கட பத்து டொலர் சும்மா கிடக்குது. அப்ப நட்டம் ஆருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மருமகள்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்தேன். எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதனுக்கு அது ஒரு சின்ன விஷயமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னால், நான் செய்தது வெறும் செவிப்பிழை என்று ஆகிவிடும்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பகல். நான் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்ரி குசினி யன்னலோரம் தொலைபேசியில் ஒரு சிநேகிதியோடு கதைத்துக்கொண்டிருந்தார். வேலிக்கு மேலால் தெளிவாகக் கேட்டது.

"ஒரேயொரு நம்பரால வீடு போட்டுது, தங்கச்சி. ஓம், முழு வீடு. கைக்கு வந்தது. என்ன செய்யிறது, அழுதா வருமோ? நாளைக்குத் திரும்பக் கட்டிப் பாப்பம். மகனுக்குச் சொல்லிப்போடாத. பிறகு கொம்பியூட்டரைப் பிடுங்கிப்போடுவான்."

எங்கள் பேச்சில் 'போட்டுது' என்றால் போய்விட்டது. வீடு போய்விட்டது. என் கையில் ஈரச் சட்டை இருந்தது. வேலி என் நெஞ்சளவுதான். "என்ன வீடு, அன்ரி?" என்று கேட்க எனக்கு நாலு அடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. எனக்குள் பயம் இருந்தது உண்மை. அதோடு ஒரு திருப்தியும் இருந்தது: பார்த்தாயா, என் கணக்குச் சரிதான் என்ற திருப்தி. உள்ளே போய் மெல்பேர்னுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்று மகன் முன்பே இலக்கம் தந்திருந்தான்.

"தம்பி, அம்மா சூதில வீட்டை விட்டிட்டா போல கிடக்கு."

மகன் அடுத்த நாள் காலை விமானத்திலேயே வந்துவிட்டான். என்னையும் கூட்டிக்கொண்டு தாயின் குசினிக்குள் போனான். அன்ரி ஒன்றும் விளங்காமல் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினார்.

"அம்மா, வீட்டுப் பத்திரம் எங்க?"

"அலுமாரிக்குள்ள. ஏன்ரா, விக்கப் போறியோ?"

"நீங்கள் வித்துப்போட்டியளோ எண்டுதான் கேக்கிறன். பிங்கோவில வீடு போட்டுது எண்டு சொன்னீங்களாம்!"

அன்ரி அவனைப் பார்த்தார். வாயைப் பொத்தினார். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. கதிரையில் இருந்து, மேசையில் தலையை வைத்து, கண்ணீர் வழிய. "டேய், அது கொம்பியூட்டர் வீடடா! ரிக்கற்றில இருக்கிற நம்பர் எல்லாம் வந்தா அதுக்குப் பேர் வீடு. ஃபுல் ஹவுஸ்! ரெண்டு டொலர் வீடடா! ஸ்கொட்லாந்துக்காரி கொண்டுபோட்டாள்!"

பிங்கோவின் நிகழ்தகவைத் தாளில் போட்டுக் காட்டிய எனக்கு அந்த ஆட்டத்தில் எதற்கு என்ன பெயர் என்று தெரிந்திருக்கவில்லை.

மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவன் திரும்பிப் போயிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் அவன் தாயின் கையைப் பார்த்துவிட்டான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சுட்ட தழும்பு.

"இது என்ன?"

"குழம்புச் சட்டி சரிஞ்சது. போன மாசம். ஆறிட்டுது."

"ஏன் சொல்லேல்லை? அம்மா, சீரியஸா, இது காணும். தனிய இருந்தது காணும். மெல்பேர்னுக்கு வாங்கோ."

"எனக்கு இங்க எல்லாம் இருக்கு, ராசா. கோயில் கிட்ட. பஸ் கிட்ட. கிளப் கிட்ட. வேலிக்கு அங்கால மாஸ்ரர்." பிறகு சிரிப்பு மெல்ல அடங்க, கேட்டார்: "அது சரி, உனக்கு ஆர் இதைச் சொன்னது?"

மகன் நல்ல பிள்ளை. என்னைப் பார்க்காமலே, "ஆரோ சொன்னவை" என்றான். நான் என் தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ, மாஸ்ரர். நான் இங்க தனியவோ இருக்கிறன்?"

மகன் என் சொல்லை மதிப்பவன். "இல்லை தம்பி, நாங்கள் இருக்கிறம், அவ இங்க இருக்கட்டும்" என்று நான் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். அப்படிச் சொன்னால், அப்படியானால் ஏன் அங்கிள் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்பானோ என்று பயந்தேன்.

"மகனோட இருக்கிறது நல்லதுதானே, அன்ரி" என்றேன்.

அவர் பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். மூன்று மாதத்தில் வீடு விற்றாகிவிட்டது.

போவதற்கு முதல் செவ்வாய்க்கிழமை அவர் பங்குக் கோயில் சுவாமியார் உட்படப் பன்னிரண்டு பேரைக் கிளப்புக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஒரு சதமும் கையிலிருந்து இல்லை. அத்தனையும் பல வருடம் சேர்ந்த புள்ளி. மெல்பேர்னில் அந்த அட்டை செல்லாது. சிட்னியில் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தார். காசு வாங்கும் மேசையில் நிற்கும் பிள்ளையோடு கணினித் திரையை எட்டிப் பார்த்தபடி ஒரு தளபதியைப்போல் நின்றார்.

"மாஸ்ரருக்கு மீன். அவர் சீனி வருத்தக்காரர், அவற்ற புடிங்கை எனக்குத் தாங்கோ. சுவாமிக்கு ஆட்டிறைச்சி. இன்னும் எவ்வளவு இருக்கு, டார்லிங்?"

இன்னும் ஒரு கோப்பிக்கு இருந்தது. அதையும் வாங்கி, கோப்பி குடிக்காத சுவாமியார் முன்னால் வைத்தார். திரையில் பூச்சியம் வந்ததும் இரண்டு கையையும் தட்டினார். "சைபர்! ஒண்டையும் விடேல்லை!" பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர்களும் காரணம் தெரியாமல் கை தட்டினார்கள். அவ்வளவு மகிழ்ச்சியான ஒரு பிரியாவிடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்த மீனில் எனக்கு ருசி தெரியவில்லை. அன்ரி இரண்டு தரம் வந்து என் தட்டைப் பார்த்துவிட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ, மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய கொம்பியூட்டரை எனக்குத் தந்தார். "மகன் புதுசு வாங்கித் தாறானாம். இது பழசு. ஆனா இதுக்குப் பிங்கோ தெரியும்."

மகனின் வீடு மெல்பேர்னின் ஓரத்தில், த பேசின் என்ற ஊர்ப்பக்கம், மலையடிவாரத்தில். முதல் மாதங்களில் அவர் தொலைபேசியில் கதைத்தது குறைவு. பஸ் மணிக்கு ஒன்றுதானாம். "இங்க கடையில ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது, மாஸ்ரர்" என்று ஒருநாள் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை. பிறகு குரல் மெல்ல மெல்லப் பழையபடி ஆனது. அங்குள்ள விநாயகர் கோயிலுக்குக் காரில் போகிறவர்களைக் கண்டுபிடித்துப் பெற்றோல் துண்டு கொடுக்கத் தொடங்கிவிட்டாராம். "உங்கட ஆக்கள்தான். நல்ல சனம். எனக்கு மோதகம் கொண்டுவந்து தருகினம்." அவருடைய மருமகளும் இப்போது நிபந்தனைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வாசிக்கிறாளாம்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஒரு காலை பதினொரு மணிக்கு, நான் அந்தப் பழைய கொம்பியூட்டரில் அந்தத் தளத்தில் சேர்ந்தேன். தொலைபேசியில் சொல்லக் குரல் வேண்டும். எழுதினால் விரல் போதும் என்று நினைத்தேன். ஐந்து சத ரிக்கற் ஒன்று வாங்கினேன். அறையில் எட்டுப் பேர். அவர்களில் கருவாடும் இருந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு விரலால் தட்டினேன்.

"அன்ரி, நான் மாஸ்ரர். அண்டைக்கு மகனுக்குச் சொன்னது நான்தான். உங்கட வீடு என்னாலதான் போனது."

அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர்கள் ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன. அரட்டையை நடத்துபவள், எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் எழுதும்படி பணிவாய்க் கேட்டாள். ஸ்கொட்லாந்துத் தாதி, "கரு, இந்த மனிதர் உனக்கு என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள்.

"மீன் சமைக்கும் விதம் சொல்கிறார்" என்று கருவாடு ஆங்கிலத்தில் பதில் எழுதினார்.

திடீரென்று என் திரை முழுக்க வண்ணத் தாள்துண்டுகள் பறந்தன. மணி அடித்தது. நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் ரிக்கற்றில் எல்லா நம்பரும் தானாகவே அழிந்திருந்தன; முழு வீடு. அறையில் இருந்தவர்கள் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆங்கில எழுத்தில், தமிழில் ஒரு வரி வந்தது.

"இதையும் எடுத்துப்போட்டியள், மாஸ்ரர். எனக்கு ஒரு நம்பர்தான் மிச்சம்."

அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது.

"எவ்வளவு விழுந்தது?"

"ஒரு டொலர் எண்பது."

"நல்லது. முதல் நாளே."

"அன்ரி, நான் எழுதினதை..."

"வாசிச்சனான். அது எனக்கு அண்டைக்கே தெரியும், மாஸ்ரர். சீனி போடாத தேத்தண்ணியை ஆராவது அந்தக் கலக்குக் கலக்குவினமோ?"

"ஏன் என்னைக் கேக்கேல்லை?"

மறுமுனையில் எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"அந்த வீட்டில எனக்கு நல்ல விருப்பம். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். கொஞ்ச நாள் உங்களோட சரியான கோவம். ஆனா கேட்டிருந்தா நீங்கள் கிளப்புக்கு வந்திருக்க மாட்டியள். பன்ரண்டு பேருக்குச் சொல்லியாச்சு. ஒரு சாப்பாடு வீணாப் போயிருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் காத்திருந்தார். பிறகு, வேறேதோ ஞாபகம் வந்தவர்போல் குரலை மாற்றிக் கேட்டார்.

"அது கிடக்கட்டும். அந்தத் தளத்தில சேரேக்க, ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு ஒரு கேள்வி கேட்டிருக்குமே? என்ட பேரைக் குடுத்தனீங்களோ?"

"இல்லை, அன்ரி. அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டன்."

"ஐயோ, மாஸ்ரர்! ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தா ஆயிரம் புள்ளியெல்லே!"

"எனக்குத் தெரியாது..."

"வீட்டைப் பற்றிச் சொன்னதை மன்னிக்கலாம்," என்றார் பிங்கோ அன்ரி. "இதை நான் எப்பிடி மன்னிக்கிறது?"